பின்னால் வந்த சில்வண்டு

பதினேழு வருஷமாக வேர்ச்சாறு குடித்து மண்ணுக்குள் கிடந்த சில்வண்டுகள், ஒரே அந்தியில் மேலே கிளம்பின.

"வா, எல்லாரும் சேர்ந்தே போயிடலாம்" என்று பக்கத்து வளைக்காரி கூப்பிட்டாள்.

கருக்கன் என்ற சில்வண்டுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாதவள் இன்றைக்கு இவ்வளவு அக்கறையாகக் கூப்பிடுவானேன்? முதலில் தலை நீட்டுகிறவனைத்தானே காக்கை கொத்தும்!

"நீ முன்னால போ, நான் பின்னாலயே வர்றேன்" என்றவன் அசையவே இல்லை.

மேலே பாட்டும் கும்மாளமும் பல நாள் கேட்டன. பிறகு எல்லாம் அடங்கியது. இந்நேரம் காக்கைக்கு வயிறு நிறைந்திருக்கும் என்று கருக்கன் மெல்ல வெளியே வந்தான்.

கிளையிலிருந்து காக்கை குனிந்து பார்த்தது.

"அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா தம்பி? தின்ன முடியாம ஆயிரக்கணக்குல விட்டுட்டேன். அவங்க ஜோடி சேர்ந்து முட்டையும் வெச்சுட்டாங்க. எனக்கு இன்னிக்குத்தான் மறுபடி பசிக்குது."