ஊமைக் கட்டை

ராயபுரத்து மன்றக் கூடத்தில் நான்கு மணி வெயில் பியானோவின் மேல் சாய்ந்து விழுகிறது. ஜன்னல் விளிம்பெல்லாம் கரித்தூள். வெளியே கூட்ஸ் வண்டி நகரும்போதெல்லாம் கூஜாத் தண்ணீர் நடுங்குகிறது. வாசலில் இன்றைய கச்சேரி நோட்டீஸில் ரூபவதி சாலமன் பெயருக்குக் கீழே 1951 நவம்பர் 9, மாலை ஆறரை என்று அச்சாகியிருக்கிறது. இருபது வருடமாகக் கொழும்பிலும் கல்கத்தாவிலும் லண்டனிலும் பியானோ வாசித்தவள், இன்று ஒரு கட்டை மட்டும் ஊமையாகிவிட்டதென்று தமீமை வரவழைத்திருக்கிறாள். பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது அவர் தொழில். மூடியைத் திறந்து, கம்பிகளை ஊதித் துடைத்து, அந்தக் கட்டையை அழுத்துகிறார். கணீரென்று ஒலிக்கிறது. மறுபடி அழுத்துகிறார், மறுபடியும் ஒலிக்கிறது. "நீங்க அமுக்குங்கம்மா." ரூபவதி மோதிர விரலை வைக்கிறாள். மற்ற விரல்களெல்லாம் விறைக்கின்றன. அந்த ஒன்று மட்டும், யாரோ மறந்து விட்டுப்போனது போல, கட்டையின் மேல் கிடக்கிறது. கட்டை இறங்கவில்லை. அவள் கையை எடுத்துச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறாள். மன்றச் செயலாளர் ஜெயவேல் வாசலிலிருந்து கேட்கிறார்: "இன்னா பாய், சரியாயிடுச்சா?" தமீம் அவள் பக்கம் திரும்பாமல் மூடியைச் சாத்துகிறார். "கடல் காத்துல கட்டை உப்பிப்போய்க் கீது சார். இன்னிக்கு ஆவாது."