கையை இறக்காதீங்க

பொம்மை ரயில் பாதையில் ஓடும் வண்டிகள் எல்லாம் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தன. கைகாட்டி மரம்தான் அதற்கு அட்மின். ஒருநாள் கிழட்டுச் சரக்கு இன்ஜின் சுரங்கத்துக்குள் சக்கரம் கழன்று நின்றுவிட்டது. பின்னால் எக்ஸ்பிரஸ் வரும் நேரம். இடித்தால் தூள்தான்.

இன்ஜின் பதறிப்போய்க் குழுவில் எழுதியது. "சுரங்கத்துல மாட்டிக்கிட்டேன். கைகாட்டி அண்ணே, நீட்டின கையை இறக்கிடாதீங்க. இறக்கினா எக்ஸ்பிரஸ் வந்துரும்."

"அட்டைச் சுரங்கம்தானே? அப்பவே சொன்னேன், தெர்மாகோல்ல பண்ணியிருக்கணும்," என்றது தண்ணீர் வண்டி.

"தெர்மாகோலை எலி கடிக்கும் அக்கா," என்றது பயணிகள் பெட்டி.

"எலிக்குக் கருவாடு வை. தக்காளிக்கெல்லாம் மசியாது."

"எங்க வீட்டு எலி சைவம்."

இன்ஜின் மறுபடி எழுதியது. "ஐயோ, நான் இன்னும் சுரங்கத்துலதான் இருக்கேன்."

"இருப்பா, கருவாட்டை வறுத்து வைக்கணுமான்னு கேட்டுக்கறேன்," என்றது பெட்டி.

கைகாட்டிக்குப் பொறுக்கவில்லை. "இது ரயில் குழு. இங்கே ரயிலைப் பத்தி மட்டும்தான் பேசணும்," என்று நீளமாக எழுதிப் போட்டது.

அதைப் படித்ததும் இன்ஜினுக்குச் சட்டென்று உறைத்தது. கைகாட்டிக்கு இருப்பதே ஒரு கை. அதை இறக்காமல் எப்படி எழுதியிருக்கும்?

"வழி கிடைச்சிருச்சு, கிளம்பிட்டேன்," என்று எழுதியது எக்ஸ்பிரஸ்.

"பார்த்துக் கத்துக்குங்க," என்றது கைகாட்டி. "இவர் ஒருத்தர்தான் ரயிலைப் பத்திப் பேசறார்."