கைப்பிடியில் கை இல்லாத நேரம்

காசு போட்டால் ஓடும் விளையாட்டுப் பெட்டிக்குள் மாதங்கி என்றொரு வீராங்கனை இருந்தாள். வெளியே ஆடுகிறவர் கைப்பிடியைத் தள்ளினால் ஓடுவாள், பொத்தானை அமுக்கினால் தாண்டுவாள். தாண்டத் தவறினால் பள்ளத்து முதலைக்கு இரை.

ஒருநாள் பாதி ஆட்டத்தில் யாரோ கூப்பிட, ஆடியவர் அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார். பள்ளத்தின் விளிம்பில் மாதங்கி தனியாக நின்றாள்.

"உன்னைத் தின்னு தின்னு எனக்கே சலிச்சுப் போச்சு தாயி," என்றது முதலை. "அந்தப் பக்கம் வாசல் திறந்துதான் இருக்கு. நான் கண்ணை மூடிக்கறேன், தாண்டிப் போயிடு."

"நானாவா?"

"வேற யாரு இருக்கா?"

அவள் கைப்பிடி இருந்த திசையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. முதலையின் பல்லைவிட அதுதான் அவளை மிரட்டியது.

"தப்பாத் தாண்டிட்டா யாரைச் சொல்றது?" என்று முனகினாள்.

"சீக்கிரம். ஆள் திரும்பி வர்றார்."

அவள் அசையவில்லை. கைப்பிடி ஆடியது. வந்தவர் பொத்தானைத் தாமதமாக அமுக்க, மாதங்கி நேராகப் பள்ளத்துக்குள் சரிந்தாள்.

முதலையின் வாய்க்குள் விழும்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.