நாலாவது விரல்

"ரெண்டு வெரலா? இன்னா தரகரே, மாட்டுக்கு வெல கேக்கறீங்களா, கோழிக்குக் கேக்கறீங்களா?"

வசந்தி சத்தம் போட்டாளே தவிர, கையை உருவிக்கொள்ளவில்லை. பச்சைத் துண்டுக்கு அடியில் அவள் கை தரகர் பூபாலனின் கைக்குள் இருந்தது.

"யக்கா, வெலைய இப்பிடி ஊருக்கே கூவினா அப்புறம் இன்னாத்துக்குத் துண்டு?" என்று சிரித்தான் சின்னராசு. கீழே சந்தையிலிருந்து நேராக ஜீப்பை ஓட்டிக்கொண்டு புதூர்நாடு மலை ஏறி வந்தவன். டயர் தூசி இன்னும் அவன் மீசையில் இருந்தது.

அவன் சொன்னது நியாயம்தான். மாட்டு விலையை வாயால் பேசக் கூடாது. துண்டைப் போர்த்திக் கையோடு கை சேர்த்தால், எத்தனை விரல் அழுந்துகிறதோ அத்தனை பத்தாயிரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. வசந்திக்கு மட்டும் இந்த ரகசியம் ஒரு நாளும் கைகூடவில்லை.

பூபாலன் பதில் பேசவில்லை. ஆலங்காயம் பக்கத்துச் சந்தைகளில் அவர் மௌனம் பேர் போனது. துண்டு விழுந்துவிட்டால் அவர் முகம் பாறை. அதில் சிரிப்பையும் படிக்க முடியாது, கோபத்தையும் படிக்க முடியாது. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி புளியமரத்தடியில் கட்டியிருந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த சிவப்பு ரப்பர் பந்தைக் கன்று முகர்ந்து பார்த்தது. தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் தாயிடம் ஓடிவிட்டது.

"பல்லைப் பாருங்க. ரெண்டே பல்லு. தலையீத்து, இதான் மொதக் கன்னு. சுழி சுத்தம். கறக்கிறப்ப காலைக் கட்ட வேணாம். இதுக்கா ரெண்டு வெரல்?"

"சந்தையே படுத்துக்கிச்சு யக்கா" என்றான் சின்னராசு. "கேரளா வண்டி ஒண்ணுகூட வரல. வைக்கோல் வெல ஏறிப்போச்சு, தவுடு ஏறிப்போச்சு. தீனி போட முடியாம அவனவன் மாட்டை ஓட்டியாந்து நிறுத்தறான். வாங்கத்தான் ஆளில்ல."

"நீ யாரு பக்கம்டா பேசற? என் பக்கமா, அவரு பக்கமா?"

"நான் சந்தை பக்கம். பொய் வெல சொன்னா தரகரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அப்புறம் நீ நாள் பூரா கெஞ்சினாலும் ஆவாது."

அதுவும் நிஜம்தான். வசந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு நாலு விரல் வாங்காமல் இந்தக் கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை என்று விடிந்ததிலிருந்தே மனசுக்குள் சொல்லி வைத்திருந்தாள். நாலு விரல் வந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் தானாக வரும் என்று அவளுக்குத் தோன்றியது, மலையில் முதல் மேகம் வந்துவிட்டால் மழைக்கு வழி தெரிந்துவிடுவதுபோல.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணமங்கலத்துத் தரகரு ஆனந்தன் நேத்து வந்தாரு. எடுத்த எடுப்புல மூணு வெரல் கேட்டாரு."

"ஆனந்தனா? அந்தாளுக்குக் காளை எது, கெடேரி எதுன்னே பின்னால போய்ப் பாத்தாதான் தெரியும்" என்றான் சின்னராசு.

"இருக்கட்டும்டா. கேட்டாரில்ல? பூபாலன் தரகருக்கு இப்ப மாடே தெரியறதில்லன்னு டீக்கடையில சொல்லிட்டுப் போனாராம்."

பூபாலனின் கண் மாட்டை விட்டு நகர்ந்தது. மெல்ல வசந்தியின் முகத்துக்கு வந்தது. நெற்றியோரம் ஒரு நரம்பு புடைத்தது.

துண்டு அசைந்தது.

ஆள்காட்டி விரல் அழுந்தியது. நடு விரல் அழுந்தியது. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஈர மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும் முளையைப்போல, மூன்றாவது விரல் அவள் உள்ளங்கையில் வந்து அழுந்தியது.

"மூணு!" என்று கத்தினாள் வசந்தி. மாடு திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது.

"சந்தையெல்லாம் எறங்குது, இந்தக் கட்டில்ல மட்டும் ஏறுது" என்று சின்னராசு துள்ளிக் குதித்தான். "முடிச்சிக்க யக்கா. தரகருக்கு வேர்த்துக் கொட்டுது. மிச்சத்தை அடுத்த சந்தைக்குப் பாத்துக்கலாம்."

"மூணுக்குத் தர மாட்டேன்."

"யக்கா..."

"போன சந்தைக்கு ஒரு வெரல். இன்னிக்கு மூணு. வெல ஏறுற நேரத்துல எவளாச்சும் எழுந்து போவாளா?"

புளியமரத்தில் காற்று வந்து போனது. தரகரின் கை நடுங்குவது துண்டுக்கு வெளியேயும் தெரிந்தது.

வசந்தி இன்னொரு கையால் துண்டின் நுனியை எடுத்து, அவர் கோணிய கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

பக்கவாதம் அவர் பேச்சையும் வலக்கையையும் ஒன்றாகக் கொண்டுபோன பிறகு, பிசைந்து பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்துக்கு ஒரு நாளும் அசையாத அந்த விரல்கள், யாருக்கும் விற்கப் போகாத இந்த மாட்டின் விலைக்கு மட்டும்தான் அசைந்தன.

"சுண்டு வெரல் ஒண்ணுதான் பாக்கி" என்று புருஷனின் காதருகே குனிந்தாள். "அதையும் அமுக்கு மாமா."