தொட்டில் ஜீப்

தார் ரோடு முடிந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணாடியில் அவள் அதைப் பார்த்தாள். ஜீப்பின் பின்பக்கம் மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தான். இரண்டு கைகளும் பக்கத்துக் கம்பியைப் பிடித்திருந்தன. பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

இனி வீடு வரைக்கும் கல்தான். நடுவில் வழுக்குப்பாறை.

முந்தின வருஷம் அந்தப் பாறையில்தான் அவன் அலறினான்.

மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, முதுகெலும்பில் கம்பி வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த நாள் அது. இதே ஜீப். பாறையின் முதல் படியிலேயே தூக்கிப் போட்டது. கட்டிக்கொண்ட நாளாக அவன் வாயிலிருந்து அவள் கேட்டிராத சத்தம். பாதியில் ஜீப்பைத் திருப்பிவிட்டாள். அன்றிலிருந்து போடியில், அவன் அக்கா வீட்டுப் பின்னறையில் கிடக்கிறான்.

இன்று காலையில் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னான். இந்தத் தடவையும் முடியாவிட்டால் வீட்டையும் தோட்டத்தையும் விற்றுவிடலாம். மறுபடி என்னைக் கூப்பிடாதே.

சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்.

சின்ன லீவரை இழுத்தாள். நான்கு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடித்தன.

ஜீப் ஸ்டாண்டில் எந்த வண்டிக்கும் ஒரே வைத்தியம்தான். அடியில் இன்னொரு பட்டையைச் சேர். பாரம் தாங்கும் அந்த இரும்புப் பட்டைகள் எத்தனை அடுக்கோ, வண்டிக்கு அத்தனை ஆயுசு என்று நம்புகிறவர்கள். எத்தனை பேரை ஏற்றினாலும் ஜீப் உட்காராது, உண்மைதான். உள்ளே இருப்பவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பது மட்டும் யார் கணக்கிலும் வராது. அவர்கள் வீட்டு ஜீப்பும் அப்படிக் கட்டியதுதான்.

அவனைப் போடியில் விட்டுவிட்டு வந்த கையோடு அவள் அந்தப் பட்டைகளைக் கழற்றினாள்.

ஸ்டாண்டே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள்.

"ஏந் தங்கச்சி, நீ கட்டுறது ஜீப்பா, தொட்டிலா?" என்றார் அந்தோணிச்சாமி அண்ணன். ஒருவர் விடாமல் சிரித்தார்கள்.

அவள் காதில் வாங்கவில்லை.

முதலில் போட்ட பட்டைகள் ரொம்ப மெலிசு. பாறையில் இறங்கியதும் அச்சு மேலே வந்து சட்டத்தில் இடித்தது. இடி நேராக முதுகில் ஏறியது.

அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள்தான் பின்னால் படுத்திருந்தாள். அவன் படுக்க வேண்டிய இடத்தில், இதே மெத்தையில், இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஓட்டக் கூப்பிட்டது சிரித்த அந்தோணிச்சாமியைத்தான்.

அடுத்து வாங்கியவை மெத்தென்றுதான் இருந்தன. ஆனால் மழை முடிவதற்குள் ஒன்று ஒடிந்துவிட்டது. மெத்தென்று இருந்து என்ன பிரயோசனம், நடுவழியில் ஒடிந்தால்?

கோயம்புத்தூர் வரை போய்த் தேடினாள். நீளமான பட்டைகள். நடுவில் தடிமன், நுனிக்குப் போகப் போக மெலிவு. அடுக்கு குறைவு, ஒன்றோடொன்று உரசாது. கூடவே பருத்த ஷாக் அப்சார்பர்கள். மாட்டியதும் அவனைக் கூட்டிவரப் போய்விடவில்லை. ஏலக்காய் மூட்டைகளை ஏற்றி ஒரு பருவம் முழுக்க அந்தக் கல்லில் அடித்தாள். ஈவு இரக்கமில்லாமல் அடித்தாள்.

ஒன்றும் ஒடியவில்லை.

மறுபடி பின்னால் போய்ப் படுத்தாள்.

அன்றைக்கு ஓட்டி முடித்து இறங்கிய அந்தோணிச்சாமி சிரிக்கவில்லை. குனிந்து ஜீப்பின் அடியைப் பார்த்தார். எந்தக் கடை என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அவள் முதுகு நல்ல முதுகு. அதை வைத்து எதை நம்புவது?

வளைவு திரும்பியது. மூடுபனிக்குள் பாறை கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. பனி உள்ளே வராமல் தார்ப்பாயை இரண்டு பக்கமும் இறக்கிக் கட்டியிருந்தாள். அவன் கண்ணைத் திறந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது.

கிளட்சை மிதித்தாள்.

முதல் கியர்.

முன் சக்கரம் படியில் ஏறியது. பட்டை வளைந்து கொடுத்தது. சக்கரம் அடுத்த பள்ளத்தில் இறங்கியது. மேலே ஜீப் லேசாகச் சாய்ந்து, நிதானமாக நிமிர்ந்தது.

பின் சக்கரம்.

அதுவும் ஏறி இறங்கியது.

கண்ணாடியில் அவன் முகம். இறுக்கிய பல். மூடிய கண். சத்தம் வரவில்லை.

இன்னொரு படி. இன்னொரு பள்ளம். அவனிடமிருந்து சத்தமே இல்லை.

பாறை பின்னால் போனது.

ஸ்டியரிங்கை அறைந்து கூத்தாட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஏலத்தோட்டத்து வேலி, தண்ணீர்த் தொட்டி, கடைசி ஏற்றம்.

வாசலில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியையும் விடவில்லை.

"ஏன் புள்ள நிப்பாட்டிட்ட? வழுக்குப்பாறை வந்துருச்சா?"

வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹாரனை அழுத்தினாள். கீழே ஸ்டாண்டு வரைக்கும் கேட்கட்டும் என்று, கையை எடுக்காமல் அழுத்தினாள்.

பிறகு இறங்கிப் போய்த் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தாள்.