பெட்டிக்கு மட்டும் காவல்

“வாசல்ல தள்ளுவண்டியில ஒரு குழந்தை தனியாக் கிடக்குதுங்க!”

கிர்ஸ்டன் சிரித்துவிட்டாள். கோபன்ஹேகன் துறைமுகத்தில் காப்பிக் கடை வைத்து, பயணிகளின் பெட்டிகளையும் பார்த்துக்கொள்கிறவள் அவள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பதறுவார்கள்.

“தனியா இல்லம்மா, தூங்குது. அம்மாக்காரி உள்ளதான் காப்பி குடிச்சிட்டிருப்பா. எங்க ஊர்ல குழந்தைங்க வெளிக்காத்துலதான் தூங்கும்.”

“இந்தப் பனியிலயா?” பெட்டியை வாங்க வந்த அந்த இளம்பெண் தன் மஞ்சள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நானும் அப்படித் தூங்கி வளர்ந்தவதான். குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பாரு.”

“யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?”

“இங்க பெட்டிக்குத்தான் காவல் வேணும். குழந்தையை ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

“அழுதா?”

“ஊரே ஓடி வரும். பெத்தவளே பதறாம இருக்கா, உனக்கென்னம்மா?”

ஆஸ்லோ போகும் கப்பல் சங்கு ஊதியது. அவள் தன் பெட்டியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

அதன்பிறகு வாசலில் குழந்தை வீறிட்டு அழுதது. பெற்றவள் எழுந்து போவாள் என்று கிர்ஸ்டன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை ஓய்ந்தது.

மாலையில் கடைசி ஆளும் எழுந்து போனார். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்த கிர்ஸ்டன் சன்னல் வழியே பார்த்தாள். தள்ளுவண்டி அங்கேயே நின்றது.

போட்டது போட்டபடி ஓடினாள்.

குழந்தையின் வாய் அழுகிறாற்போலத் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தொட்டால் சில்லென்றிருந்தது. பனி படாதபடி அதன் கழுத்துவரை இழுத்துச் செருகியிருந்தது, அந்த மஞ்சள் சால்வை.