ஆறாவது எபிசோடு

"இந்தக் காலத்து ஆளுங்களுக்கு எந்தக் கெரகம் புடிச்சிருக்குதுன்னே தெரியல. பெத்தவ செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் வல்ல. டிவியில ஒரு ரவுடிப்பய செத்தா அன்னிக்கு ஊட்டுல எவனுக்கும் சோறு எறங்க மாட்டங்குது!"

சுப்பையன் இதை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த தன் மகன்கள் இருவருக்கும் தைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

மூத்தவன் மோகன்குமார் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவன். இளையவன் சபரிநாதன் வெண்ணந்தூரில் தறி ஓட்டுபவன். கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்று தொடங்கிய சண்டை. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. பொது வாசலுக்குக் குறுக்கே தகரம் அடித்தாகிவிட்டது. அம்மா ஆத்தாயி இறந்த அன்றுகூட ஆளுக்கொரு பக்கம் நின்றுதான் வாய்க்கரிசி போட்டார்கள்.

விவசாயக் காடு முழுக்க இன்னும் சுப்பையன் பெயரில்தான் இருந்தது. எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று உறவெல்லாம் வந்து சொல்லியும் அவர் அசையவில்லை.

"ரெண்டு பேரும் மூஞ்சி பாத்து, ஏதாச்சும் ஒரே ஒரு விசயத்துல ஒத்துப் பேசட்டும். அன்னிக்கே ராசிபுரம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிக் கைநாட்டு வெச்சுத் தாரேன். இல்லீன்னா நாஞ் செத்த பொறவு கோர்ட்டுல அடிச்சுக்குங்க."

அதற்காகத்தான் இன்று இருவரையும் மூத்தவன் வீட்டில் கூட்டி உட்கார வைத்திருந்தார். வந்ததிலிருந்து ஒருவன் சுவரையும் இன்னொருவன் செல்போனையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மோகன்குமாரின் மனைவி சத்யபிரியாவுக்குத்தான் அந்த மௌனம் பொறுக்கவில்லை.

"ஏந் தம்பி, அந்தத் தாதா சீரிஸ் ரெண்டாவது சீசன் பாத்துட்டீங்களா? எட்டு எபிசோடுல எனக்கு நாலாவதுதான் பெஸ்ட்டு. கல்யாண மண்டபத்துல சுடுவாங்களே!"

"நாலாவதா?" சபரிநாதன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். "எட்டுலயே மோசம் அதுதாங்க அண்ணி. பந்தி நடக்கறப்ப அத்தன பேரு சுடறான், எலைச் சோறு கூடச் சிந்தல!"

மோகன்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னான். "அப்பா, கடைசி எபிசோடு அதவிட மோசம்னு அவங்கிட்டச் சொல்லுங்க. பூரா எபிசோடும் காரு போயிட்டே இருக்குது, எங்கயும் நிறுத்தி டீசல் போடல."

"அப்பா, ரிக் வண்டிக்காரரு டீசல் நெனப்புலயே பாத்திருப்பாருன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

"நான் என்ன போஸ்ட்மேனா? வாயி இருக்குதில்ல? நேராப் பேசித் தொலைங்கடா!"

நேராகவே பேசினார்கள். முதல் எபிசோடு இழுவை என்றான் ஒருவன். இழுவை இல்லை, மூன்றாவதுதான் இழுவை என்றான் மற்றவன். ஐந்தாவதில் போலீஸ்காரனைக் கொன்றிருக்கக் கூடாது என்று குரல்கள் உயர்ந்தன. சுப்பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கருமத்தை அவர் பார்த்ததே இல்லை. இதற்கும் ஒரு தகரம் அடிப்பார்கள் போலிருந்தது.

"அப்ப எதுதான் பெஸ்ட்டு? சொல்லு பாக்கலாம்" என்றான் மூத்தவன்.

"நீ சொல்லு."

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லலாம்."

"ஆறு!"

இரண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கடகடவென்று சிரித்தார்கள்.

"அண்ணா, அந்த எபிசோடுல மியூசிக்கு கேட்டியா? எனக்கு மயிர்க்கூச்செடுத்துப் போச்சு!"

"ஆமாண்டா! நான் அத ஒண்ண மட்டும் திருப்பித் திருப்பிப் பாத்தேன்."

அண்ணா. இரண்டு வருடம் கழித்து அந்தச் சொல் சுப்பையன் காதில் விழுந்தது. சும்மா நம்பிவிடுகிற ஆள் அல்ல அவர். நிலத்துக்காக நடிக்கிறார்களோ என்று இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு எது பொய்யாக இருந்தாலும் அந்தச் சிரிப்பு பொய்யில்லை.

"அம்மிணி, சட்டைய எடுத்தா. ராசிபுரம் போயிட்டு வந்தர்றோம்" என்றார் மருமகளிடம்.

மோகன்குமார் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். சபரிநாதன் ஓடிவந்து கதவைத் திறந்து, அப்பாவின் கையைப் பிடித்துப் பதமாக ஏற்றிவிடப் போனான். இந்த மரியாதையைக் கண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரு காலை உள்ளே வைத்த சுப்பையன், படியில் நின்ற மருமகளிடம் திரும்பினார். பேசாத பிள்ளைகளைப் பேச வைத்தது எதுவென்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஏனம்மிணி, அந்த ஆறாவதுல அப்பிடி என்னதான் வருது?"

"அதுங்களா மாமா? ஒரு வயசான தாதா. பசங்க ரெண்டு பேருக்கும் சொத்தப் பிரிச்சுத் தராம இழுத்தடிப்பாரு. பேச்சு வார்த்த இல்லாம இருந்த அண்ணனும் தம்பியும் ஒண்ணாச் சேந்து, கையெழுத்துப் போடப் போலாம்னு அவரக் காருல ஏத்திட்டுப் போவாங்க. திரும்பி வாரப்ப காருல ரெண்டு பேருதான் இருப்பாங்க."

உள்ளே வைத்த காலை சுப்பையன் வெளியே எடுத்தார்.

"அப்பா, அது வெறும் நாடகமுங்க!"

அதையும் மகன்கள் இருவரும் ஒரே குரலில்தான் சொன்னார்கள். சுப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காட்டுப் பக்கமாக நடந்தார்.